மகனுக்கு அந்த அரிப்பு வந்த வழி

என் மகனுக்கு நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது இடது அக்குளில் முதல் முண்டு வந்தது. பயறு அளவு இருக்கும். செம்பழுப்பு நிறம், தொட்டால் கெட்டி. ஏதோ பூச்சி கடித்திருக்கிறது என்று நினைத்தோம். ஒரு வாரத்துக்குள் அது ஆறேழு ஆகி, தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் வந்துவிட்டது. உள்ளங்காலில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அந்த வயதில் பிள்ளைக்குத் தன் கையால் சொறியத் தெரியாது. காலோடு காலை வைத்துத் தேய்ப்பான். பாயில் முதுகைப் போட்டு அரைப்பான். பால் குடித்துக்கொண்டே இருப்பவன் நடுவில் வாயை எடுத்துவிட்டு வீறிடுவான்.

நான் போலீஸ்காரன். வீடு வடகரையில். மகன் பிறந்த பதினைந்தாம் நாள் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. எனக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து போட்டார்கள். பெண்கள் பக்கம் ஆண்கள் போகாமல் பார்ப்பது, குடித்துவிட்டு வருபவனைப் படியிலேயே மறிப்பது, தண்ணீர் கூடினால் விசில் அடித்து எல்லாரையும் வெளியே ஏற்றுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சாரலில் நின்றால் பூட்ஸுக்குள் தண்ணீர் குளமாக நிற்கும். கூட்டம் அதிகமான நாட்களில் வீட்டுக்கு விட மாட்டார்கள். ஒரு மண்டபத்தில் தங்கல். பாயும் போர்வையும் பொது. எது காலியோ அதில் படுப்போம். அந்த ஈரத்தில் எந்தப் போர்வையும் காய்ந்து நான் பார்த்ததில்லை. ஓய்வு கிடைத்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வடகரைக்கு ஓடுவேன். வந்த வேகத்தில் பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொள்வேன்.

ஆடி மாதம் வரும்போது என் விரல் இடுக்குகளில் அரிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பதால் வந்த சேற்றுப்புண் என்று விட்டுவிட்டேன். பிறகு பெல்ட் கட்டும் இடத்தில் வந்தது. அப்புறம் சொல்லக் கூச்சமான இடங்களிலும் வந்தது. குற்றாலத்தில் ஒரு மருந்துக் கடையில், வேறு ஒருவருக்கு என்று சொல்லி ஒரு டியூப் வாங்கினேன். அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பைக்கின் பக்கப்பெட்டியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தேன். யூனிஃபார்ம் போட்டவனுக்குச் சொறி என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும், ஸ்டேஷனில் ஓய்வு பெறும் வரைக்கும் அதுதான் பேர். அப்படித்தான் அப்போது எனக்குத் தோன்றியது.

மகனை முதலில் தென்காசியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். வாசலில் நாற்பது பேர் டோக்கனோடு நின்றார்கள். அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். கரப்பான் என்றார். ஒரு க்ரீமும் அரிப்புக்கு ஒரு சொட்டு மருந்தும் எழுதினார். கரப்பான் என்ற சொல் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கத்திரிக்காயை விட்டாள், மீனை விட்டாள், கருவாட்டு வாசம் வரும் வீட்டுப் பக்கம்கூடப் போகவில்லை. தாய்ப்பாலில் போய்விடும் என்று ரசத்தையும் சோற்றையும் மட்டுமே தின்று ஒரு மாதத்தில் பாதியாக மெலிந்துபோனாள். பிள்ளைக்குக் குறையவில்லை.

பக்கத்து மருந்துக் கடை அண்ணாச்சி வேறு ஒரு டியூப் கொடுத்தார்.

"இதப் போடுங்க தம்பி. மூணே நாள்ல அமுங்கிரும்."

அவர் சொன்னபடியே அமுங்கியது. மனைவி அன்றைக்குத்தான் சிரித்தாள். பத்தாவது நாள் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. இந்த முறை தலையிலும் காதுக்குப் பின்னாலும்.

இங்கே பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அம்மா இல்லை. என் அம்மா சென்னையில் அண்ணன் வீட்டில். அதனால் பதினோராம் நாளிலிருந்து பிள்ளைக்குக் குளிப்பாட்ட ஓர் அக்காவை ஏற்பாடு செய்திருந்தோம். ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மகளைக் கேரளத்தில், புனலூரில் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகள் அவர் கையில் குளித்தன. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் எங்கள் மகன் பாதிக் குளியலிலேயே தூங்கிவிடுவான். முண்டுகள் வந்த பிறகு அவனுக்கு அரிப்பில்லாமல் இருந்த நேரம் அந்த அரைமணி நேரம்தான்.

ஐப்பசியில் ஒரு காலை. நான் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் அக்கா பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மனைவி வெந்நீர் கொண்டு வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யக்கா, கையக் காட்டுங்க."

"என்னத்தா?"

"விரலு இடுக்குல என்ன அது? காட்டுங்க."

அக்கா எண்ணெய்க் கையை விரித்தார். விரல் இடுக்குகளில் சிவப்புப் புள்ளிகள், சொறிந்த தடம். மணிக்கட்டிலும் இருந்தது. மனைவி பிள்ளையை அவர் காலிலிருந்து பிடுங்கினாள். எண்ணெய்ப் பிள்ளை வழுக்கியது. அவன் அழ, அவளும் அழுதாள்.

"ஏங்க, இங்க வாங்க. வந்து பாருங்க. இவ்வளவு நாளும் சொறிக்கையோடதான் பிள்ளயத் தொட்டுருக்காவ."

நான் போய் நின்றேன். என் கைகள் பேண்ட் பாக்கெட்டில் இருந்தன.

அக்கா என்னைத்தான் பார்த்துப் பேசினார். "தம்பி, எனக்கு இது வந்து ரெண்டு வாரந்தான் ஆவுது. பிள்ளைக்கு அதுக்கு ரொம்ப முந்தியே இருந்துச்சே. நாந்தானே மொத மொதல்ல அக்குள்ள காட்டுனேன். நீங்க மறந்துட்டியளா?"

உண்மைதான். முதல் முண்டை எங்களுக்குக் காட்டியது அவர்தான். ஆனால் அந்த நேரத்தில் என் மனம் வேறு ஒரு கணக்கில் இருந்தது. அவர் கையைப் பார்த்ததும் என் கை எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுபோல இருந்தன. அந்த எண்ணத்தை அடுத்த நொடியே தள்ளினேன். பிறகு சொன்னேன், "நாளைலேருந்து வர வேண்டாம்க்கா. பிள்ளைக்குச் சரியாவட்டும், பாப்போம்."

அவர் எழுந்து கையைக் கழுவினார். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே போய்விட்டார்.

மனைவி அன்று இரண்டு வீடுகளில் சொன்னாள். கைப்பிள்ளை வைத்திருக்கிறவர்கள், எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

அக்கா வராமல் போய் ஒரு மாதம் ஆன பிறகும் பிள்ளைக்குக் குறையவில்லை. புதிதாகத்தான் வந்தது. திருநெல்வேலியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மழைக்காலம். பாவூர்சத்திரம் தாண்டும் வரை பஸ் ஜன்னலில் தண்ணீர் அடித்துக்கொண்டே வந்தது. அங்கே இருந்த டாக்டர் இளைஞர், பொறுமையானவர். பேனாவின் பின்பக்கத்தால் மகன் முதுகில் இருந்த ஒரு முண்டை நாலைந்து தரம் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அது சிவந்து, வீங்கி, இரண்டு மடங்கானது. அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். குற்றவாளிகளின் முகம் மாறுவதைக் கவனிப்பது என் தொழில்.

"தேய்ச்சா இப்படி வீங்குறது ஒரு அடையாளம். தோலுக்குள்ள ஒரு வகை செல்லு அளவுக்கு மேல சேர்ந்தா இப்படி வரும். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாத்துருவோம்."

ஆறு மாதப் பிள்ளையின் தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை எடுத்தார்கள். நான்தான் காலைப் பிடித்துக்கொண்டேன். மனைவி வராண்டாவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நிச்சயமாக ஒன்றும் எழுதவில்லை. டாக்டர் நினைத்த செல் அதில் இல்லை. வேறு ஒரு வகை செல் கூடுதலாகத் தெரிகிறது, அது எலும்பையும் ஈரலையும் தொடும் ஒரு நோயாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். தலைக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன், பிறகு சென்னை. "இருக்கலாம்னுதான் சொல்லுதேன், பயந்துராதீங்க" என்று அவர் மூன்று தரம் சொன்னார். மனைவி காதில் எலும்பு, ஈரல் என்ற இரண்டு சொற்கள்தான் விழுந்தன. திரும்பி வரும்போது அவள் பிள்ளையின் தலையை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கேயாவது குழி இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது ஆலங்குளம் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. சென்னைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. போவதற்கு முன்னால் தென்காசியில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள் என்று எங்கள் ஏட்டையா சொன்னார். அந்த டாக்டர் வயதான அம்மா. ஒரு சின்ன கிளினிக், ஒரே ஒரு நர்ஸ்.

மருந்துக் கடை டியூப் முதல் திருநெல்வேலி வரை நடந்ததைச் சொல்லி ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. "அப்புறம் பாக்கேன். பிள்ளைய முழுசா அவுத்துப் போடுங்க" என்றார். உள்ளங்கால், விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், விதைப்பை, தலை என்று விளக்குப் பொருத்திய ஒரு லென்ஸால் ஒவ்வோர் இடமாகப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு நிமிராமலே கேட்டார்.

"வீட்ல வேற யாருக்கு அரிக்கு?"

மூன்று மாதத்துக்கு மேலாக இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"யாருக்கும் இல்ல" என்றேன்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "சார், கையக் காட்டுங்க."

நான் காட்டினேன். விரல்களை விரித்துப் பிடித்துப் பார்த்தார். பென்சிலால் மெல்லக் கீறியதுபோல இரண்டு கோடுகள் இடுக்கில் இருந்தன. எனக்கு அதுவரை தெரியாது.

"எத்தன மாசமா?"

"சீசன்லேருந்து."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் அவளிடம் கேட்டார், "ஒனக்கும்மா?" அவள் புடவையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். வரிசையாகத் தடிப்புகள். மார்பிலும் இருக்கிறது என்றாள். பிள்ளை பெற்ற சூடு என்று நினைத்தாளாம். என்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மறைத்திருக்கிறோம்.

டாக்டர் பிள்ளையின் உள்ளங்காலில் ஒரு கொப்புளத்தைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, எட்டுக் கால்களோடு ஒன்று கிடந்தது.

"இதான். சொறிசிரங்கு. ஸ்கேபிஸ்னு சொல்லுவோம். பெரியவங்களுக்கு முண்டு அவ்வளவா வராது, கைப்பிள்ளைகளுக்கு இப்படி முண்டு முண்டா வரும். தேய்ச்சா வீங்கவும் செய்யும். தோலை எடுத்துப் பாத்தாலும் வேற பெரிய வியாதி மாதிரி ஏமாத்தும். திருநெல்வேலி டாக்டர் மேல தப்பு இல்ல. எனக்கும் முந்தி ஒரு பிள்ளைக்குத் தப்பியிருக்கு. அந்த மருந்துக்கட டியூப் வேற போட்டியள்ளா? அது அரிப்ப அமுக்கிட்டு, பூச்சிய வளத்து விட்டுருச்சு."

மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சென்னை இல்லை, எலும்பு இல்லை. நானும் அழுதிருக்கலாம். ஆனால் டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளயத் தூக்குத ஆளு வேற யாரும் உண்டா?"

மனைவி அக்காவைப் பற்றிச் சொன்னாள்.

"அவங்களுக்கு எப்ப வந்துச்சு?"

நான்தான் சொன்னேன், பிள்ளைக்கு வந்து ரெண்டு மாதம் கழித்து என்று.

"அப்ப அவங்க ஒங்க வீட்லருந்துதான் வாங்கியிருக்காங்க. மொத தடவ வாரவங்களுக்கு, ஒட்டி ஒரு மாசம் ஒன்றர மாசம் கழிச்சுத்தான் அரிப்பே தெரியும். சார்தான் மொதல்ல. அவங்களுக்கும் மருந்து போடணும். அவங்க வீட்லயும் எல்லாருக்கும்."

அன்று சாயங்காலமே மருந்து போட்டோம். கழுத்திலிருந்து கால் வரை எங்களுக்கு, பிள்ளைக்குத் தலை முதல். துணி, பாய்விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டோம். என் முதுகில் மருந்து தடவியது மனைவிதான். தடவிக்கொண்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"நீயும் சொல்லலயே" என்றேன். அதை இன்றைக்கும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் மறைத்ததால் யாருக்கும் வேலை போகவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், "அவ புனலூருக்கு மக வீட்டுக்குப் போய் மாசம் ஒண்ணாவுது. இங்கன ஒரு வீட்லயும் கூப்பிடல. ஒரு வீட்ல அவ உக்காந்து பிள்ளயக் குளிப்பாட்டுன பலகையத் தூக்கி எரிச்சிட்டாவ. அதப் பாத்த பொறவு அவளுக்கு இருக்கப் பிடிக்கல."

செங்கோட்டையில் ரயில் ஏறினேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து பையில் இருந்தது. மலையும் குகையுமாக வரும் பாதை, எல்லாரும் ஜன்னலோரம் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் என்ன பேச வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். புனலூரில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது.

அக்கா, மகள் வீட்டின் பின்பக்கம் கூரை இறக்கிய சார்ப்பில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் வீங்கியிருந்தது. சொறிந்து சொறிந்து சீழ் பிடித்துத் துணி சுற்றியிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாக இருந்தன. உள்ளே தொட்டிலில் மகளின் பிள்ளை அழுதது. அக்கா எழவில்லை.

"நா தூக்குததில்ல சார்" என்றார். தம்பி என்று சொல்லவில்லை. "இந்தக் கையோட பிள்ளயத் தொடக் கூடாதுல்லா. ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டிச்சுன்னு சொன்னியள்லா. மக பிள்ள பொறந்து நாப்பது நாளு ஆவுது. இன்னும் நா தொடல."

நான் நின்றுகொண்டே சொன்னேன். "ஒங்ககிட்டருந்து வரல்லக்கா. எங்கிட்டருந்துதான் பிள்ளைக்கு வந்துச்சு. பிள்ளகிட்டருந்து ஒங்களுக்கு வந்துருக்கு. டாக்டர் சொல்லிட்டாவ."

அவர் கைத்துணியின் முனையைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"அன்னிக்குப் பின்வாசல்ல நின்னியளே. அன்னிக்கே ஒங்களுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு. இதுதான்னு தெரியாது."

"ஆனா இருந்துச்சு."

"இருந்துச்சுக்கா."

மகள் வாசலுக்கு வந்து நின்றாள். பேச்சில் மலையாளம் கலந்துவிட்டிருந்தது. "மதி சார், பேசுனது போதும். மருந்த அங்கன வச்சிட்டுப் போங்க."

அக்கா என்னிடம் மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். சீழ் இருப்பதால் முதலில் அங்கே ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னேன். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் போட வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நான் திரும்பும்போது, "பிள்ளைக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டார். தூங்குகிறான் என்றேன்.

ஊருக்கு வந்து அந்த ஐந்தாறு வீடுகளுக்கும் போய், என் கையைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஐயோ பாவம் என்றார்கள். ஆனால் அதற்குள் வேறு ஓர் அம்மா குளிப்பாட்ட வந்துகொண்டிருந்தார். பலகையை எரித்த வீட்டில், "இருந்தாலும் சார், அவ கையில இருந்தது உண்மதானே" என்றார்கள்.

மகனுக்கு அரிப்பு இரண்டு வாரத்தில் நின்றது. ஆனால் முண்டுகள் போகவில்லை. பூச்சி செத்த பிறகும் உடம்பு அதை நினைத்துக்கொண்டிருக்கும், மாதக்கணக்கில் இருக்கும், தானாக அமுங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மனைவி நம்பவில்லை. எனக்குத் தெரியாமல் வாராவாரம் அந்த மருந்தைப் பூசிக்கொண்டிருந்தாள். தோல் காய்ந்து வெடித்த பிறகுதான் தெரிந்தது. டாக்டர் கோபப்பட்டார். "ஏம்மா, நாஞ் சொன்னத நம்பலயா?" மனைவி சொன்னாள், "யாரு சொல்லுததயும் நம்ப முடியல டாக்டர்." சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. சித்திரை வரும்போது முண்டுகள் தட்டையாகி, பழுப்புத் தழும்புகளாகி, ஒவ்வொன்றாக மறைந்தன. தொடையில் ஊசி வைத்து எடுத்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

முதல் பிறந்தநாளுக்கு அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று மனைவிதான் சொன்னாள். நான் போன் செய்தேன். மகள் எடுத்தாள். அம்மா கை சரியாகிவிட்டது, பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், வர முடியாது என்றாள். அக்காவிடம் ஒரு நிமிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பின்னால் பிள்ளை சிரிக்கும் சத்தமும், தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது. "யாரு மக்கா போன்ல?" என்று அக்கா கேட்டார்.

"யாருமில்ல" என்று சொல்லி மகள் போனை வைத்தாள்.

வெளியே மனைவி காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லையாம் என்றேன்.